பட்டு நூலிலிருந்து இரத்தக் குழாய்

(கொல்லிமலை எடப்புளி நாட்டு உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



வழக்கமாக மிளகுக் கொடியின் வாடல் நோயைப் பற்றியோ, மரவள்ளிக்கு இட வேண்டிய உரத்தைப் பற்றியோதான் உங்களிடம் பேசுவோம். இன்று பட்டைப் பற்றியும், நம் உடலில் ஓடும் இரத்தக் குழாயைப் பற்றியும் சேர்த்துப் பேச வந்துள்ளேன். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். தொடர்பு உண்டு. அதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

சிறு குழாய் ஏன் அடைபடுகிறது?

மலை ஊற்று நீரைக் கருங்குழாய் வழியே தோட்டத்திற்குக் கொண்டு வருபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரிய வாய்க்காலில் ஒரு கைப்பிடி பாசி ஒதுங்கினால் நீர் நின்றுவிடாது. அதே பாசியில் ஒரு துளி சொட்டுநீர்க் குழாய்க்குள் புகுந்தால், அதற்குக் கீழே உள்ள செடி வாடிவிடும்.

நம் உடலிலும் அப்படித்தான். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கட்டை விரல் பருமன் உள்ளது. அதுவே கிளை பிரிந்து பிரிந்து முழங்காலுக்குக் கீழே வரும்போது 2 அல்லது 3 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. இதயத் தசைக்கே இரத்தம் தரும் குழாய்களும் ஏறத்தாழ இதே அளவுதான். புகையிலை, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றால் இக்குழாய்களின் உட்சுவர் தடித்து, வழி குறுகி, இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. காலில் அடைத்தால் விரல் கறுத்துப் போகும். முற்றினால் காலையே எடுக்க நேரும். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு.

அடைபட்ட இடத்தைச் சுற்றி மாற்று வழி அமைப்பது அறுவை மருத்துவம். வாய்க்கால் இடிந்தால் பக்கத்தில் கால் வெட்டி நீரைத் திருப்புவதைப் போன்றது இது. மாற்றுக் குழாய்க்கு நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்துத் தைப்பார்கள். ஆனால் எல்லாருக்கும் நல்ல சிரை இருப்பதில்லை. சிலருக்கு அது நரம்புச் சுருட்டால் கெட்டிருக்கும். சிலருக்கு முந்தைய அறுவையிலேயே எடுத்திருப்பார்கள்.

செயற்கைக் குழாய் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. டெக்ரான் என்னும் பாலியெஸ்டர் இழையிலும், டெஃப்லான் வகைப் பொருளிலும் செய்த குழாய்கள் பெரிய தமனிகளில் பல ஆண்டுகள் நன்றாக உழைக்கின்றன. ஆனால் 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாய்களில் அவை எளிதில் அடைத்துக்கொள்கின்றன. இந்த இடைவெளியை நிரப்பத்தான் அறிவியலாளர்கள் பட்டை நாடியிருக்கிறார்கள்.

பட்டுக்கும் அறுவை மருத்துவத்திற்கும் உள்ள பழைய உறவு

1894ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றினுள் பெரிய இரத்தக் குழாய் அறுபட்டிருந்தது. அறுபட்ட குழாயைத் தைத்து இணைக்கும் நம்பகமான வழி அன்று இல்லை, அவர் இறந்துபோனார். லியோன் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்த இளம் மருத்துவர் அலெக்சிஸ் கேரல், பூத்தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் சென்று மெல்லிய ஊசியால் நுண்ணிய தையல் போடக் கற்றுக்கொண்டார். வாசலின் தடவிய மெல்லிய பட்டு நூலால் இரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினார். தம் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தது அமெரிக்காவில் நடந்தது. 1947இல் நியூயார்க்கில் ஆர்தர் வூரிஸ் என்ற மருத்துவர், நாயின் இதயத்தில் தவறுதலாகப் போட்டிருந்த ஒரு பட்டுத் தையலைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தார். நூலின் மேல் பளபளப்பான உயிர்ச்சவ்வு ஒன்று படர்ந்திருந்தது. ஒரு நூலின் மேல் உடல் இப்படிச் சவ்வு படர விடுமானால், துணியால் செய்த குழாயின் உள்ளேயும் படராதா என்று அவர் எண்ணினார். அந்த எண்ணத்திலிருந்துதான் செயற்கை இழைக் குழாய் பிறந்தது; 1952இல் அவர் குழு அதை வெளியிட்டது. வழி காட்டியது பட்டு. பயனுக்கு வந்ததோ செயற்கை இழை.

கூட்டிலிருந்து குழாய்

பட்டு இழையில் இரண்டு புரதங்கள் உள்ளன. நடுவே இருப்பது பைப்ராயின்; இழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதுதான். அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் பசை செரிசின். இரண்டும் சேர்ந்து உடலுக்குள் போனால் ஒவ்வாமை உண்டாகலாம். ஆகவே முதல் வேலை பசையை நீக்குவது. சேலை நெய்வதற்கு முன் சோடா உப்பு, சோப்பு போட்டுப் பட்டை வேக வைப்பார்கள் அல்லவா? ஆராய்ச்சிக் கூடத்திலும் அதே வேலைதான். நீர்த்த சோடா உப்புக் கரைசலில் கூட்டை வேக வைத்து, பலமுறை அலசி எடுக்கிறார்கள்.

எஞ்சிய பைப்ராயினை லித்தியம் புரோமைடு உப்புக் கரைசலில் கரைத்து, பிறகு அந்த உப்பை நீக்கிவிட்டால் தெளிந்த பட்டு நீர் கிடைக்கும். மெல்லிய கம்பியின் மேல் பட்டு நூலைக் குழல் வடிவில் பின்னி, அதன் மேல் இந்தப் பட்டு நீரைப் பூசி உலர்த்திக் கம்பியை உருவினால் குழாய் கிடைக்கும். மின்விசையால் பட்டு நீரை நுண்ணிழைகளாக இழுத்துப் படியச் செய்யும் முறையும் உண்டு.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பாலியெஸ்டர் குழாய் என்றும் அந்நியப் பொருளாகவே உடலில் தங்கிவிடும். பட்டுக் குழாயோ வீடு கட்டும்போது போடும் சாரத்தைப் போன்றது. உயிரணுக்கள் அதைப் பற்றி ஏறி, உள்ளே வழவழப்பான சவ்வையும் வெளியே தசையையும் வளர்க்கின்றன. சுவர் உறுதிப்பட உறுதிப்பட, சாரம் மெல்ல மெல்லக் கரைந்து போகிறது. முடிவில் நிற்பது உடலே கட்டிக்கொண்ட குழாய்.

ஆராய்ச்சியில் கண்டது என்ன?

நம்மைப் போன்ற வேளாண்மைக் கல்வி நிறுவனத்திற்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. ஜப்பானில் டோக்கியோ வேளாண்மை, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தெட்சுவோ அசகுரா மருத்துவர்களுடன் சேர்ந்து பட்டுக் குழாய்களை உருவாக்கினார். 1.5 மில்லிமீட்டர் விட்டமும் 10 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட குழாய்களை எலிகளின் பெருந்தமனியில் பொருத்தினர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பட்டுக் குழாய்களில் 100க்கு 85 அடைபடாமல் இருந்தன. டெஃப்லான் வகைக் குழாய்களில் 100க்கு 30 மட்டுமே திறந்திருந்தன. இம்முடிவு 2010இல் வெளியாயிற்று.

நம் நாட்டில் கவுகாத்தி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிமன் மண்டல் குழுவினர் மல்பெரிப் பட்டுடன் அசாமின் முகா போன்ற பட்டுகளையும் ஆராய்ந்து வருகிறார்கள். உயிரணுக்கள் பற்றிக்கொள்ள உதவும் கண்ணி முகா பட்டில் இயற்கையாகவே அமைந்துள்ளது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து பட்டுக் குழாய்களை எலிகளில் பொருத்திக் கண்ட முடிவுகளை 2020இல் வெளியிட்டார்கள்.

மிகைப்படுத்த வேண்டாம்

இனி எச்சரிக்கையைச் சொல்கிறேன்.

எலி வேறு, மனிதன் வேறு. எலியின் குழாயில் உட்சவ்வு விரைவாகப் படர்ந்துவிடும். மனிதனுக்கு அவ்வளவு எளிதில் படராது. பத்து மில்லிமீட்டர் குழாயில் வெற்றி கண்டது, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளும் குழாயிலும் அப்படியே பலிக்கும் என்று சொல்ல இயலாது. எனவே சிறு தமனிகளுக்கான பட்டுக் குழாய் இன்னும் மருத்துவமனைகளில் வழக்கமாகப் பொருத்தும் நிலைக்கு வரவில்லை. பட்டு மருந்தால் அடைப்பு நீங்கும் என்று யாராவது பொட்டலம் விற்க வந்தால் நம்பி ஏமாற வேண்டாம்.

இன்னொன்று. "பட்டுக்கு மருத்துவத்தில் கிராக்கி வரப்போகிறது, மல்பெரி நடலாமா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பச்சைக் கூடு ஏறத்தாழ 2 கிராம் எடை இருக்கும். அதில் கூட்டின் ஓடு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.4 கிராம். சிறு குழாய் ஒன்று செய்ய ஒரு சில கூடுகளே போதும். ஆகவே மருத்துவத் தேவையால் கூட்டின் விலை உயரும் என்று எண்ணி யாரும் மிளகையும் காபியையும் அழித்துவிட வேண்டாம். பட்டு வளர்க்க விரும்பினால் பாசன நீர், வீட்டு ஆள் வசதி, தனிப் புழு வளர்ப்பு மனை, ராசிபுரம் ஏல அங்காடியில் கிடைக்கும் விலை ஆகியவற்றை வைத்து முடிவு செய்யுங்கள். பட்டு வளர்ச்சித் துறை அலுவலரைக் கலந்துகொள்ளுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

பட்டுக் குழாய் வரும்போது வரட்டும். உள்ள குழாயைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது. மேடும் பள்ளமுமான இந்த மண்ணில் கால் போனால் பிழைப்பே போய்விடும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. மேடு ஏறும்போது கெண்டைக்கால் இறுகி வலித்து, சற்று நின்றால் வலி விட்டுப் போகிறதா? இது வெறும் களைப்பு அன்று. குழாய் குறுகுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

2. ஒரு பாதம் மட்டும் சில்லிட்டிருந்தாலும், விரல் நிறம் மாறினாலும், கால் புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் செம்மேட்டிலோ நாமக்கல்லிலோ அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கால் திடீரென்று வெளுத்து, மரத்து, கடுமையாக வலித்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

3. சர்க்கரை நோய் உள்ளவர்கள் செருப்பின்றித் தோட்டத்தில் இறங்க வேண்டாம். இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலை நெருப்பருகே காட்டிக் குளிர் காய வேண்டாம்.

4. பீடி, சுருட்டு, புகையிலை அனைத்தையும் விடுங்கள். இளம் வயதிலேயே கை கால்களின் சிறு குழாய்களை அடைக்கும் பர்ஜர் நோய் புகையிலை பழகியவர்களுக்கே வருகிறது. பெரும்பாலும் அதில் குழாய் தைக்கவும் இடம் இருப்பதில்லை. புகையிலையை அறவே விடுவதுதான் அதற்கு முதல் மருந்து. ஒரு நாளைக்கு இரண்டு பீடி என்று குறைப்பது போதாது.

பட்டு வளர்ப்போர் அறிந்த ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். புகையிலைத் தோட்டத்தை ஒட்டி மல்பெரி நடமாட்டார்கள். புழு மனைக்குள் பீடி பிடிக்க விடமாட்டார்கள். புகையிலை நஞ்சு பட்ட இலையைத் தின்றால் புழு செத்துவிடும். இருபத்தைந்து நாள் வாழும் புழுவுக்காக வாசலிலேயே பீடியை அணைத்துவிட்டு உள்ளே செல்லும் நாம், வாழ்நாள் முழுவதும் நம்மைச் சுமக்கும் கால்களுக்காகவும் அதை அணைத்துவிடலாம் அல்லவா?