நமக்கென ஓர் எல்லை



எல்லை என்றதும் நாட்டுப் படமும் அதில் வரைந்த கோடும் நம் நினைவுக்கு வருகின்றன. மனிதருக்கு மனிதர் வைத்துக்கொள்ளும் எல்லையோ எந்தப் படத்திலும் இல்லை. யார் நம்மிடம் எதைக் கேட்கலாம், எவ்வளவு நெருங்கலாம், எந்தப் பொறுப்பைச் சுமத்தலாம் என்பதை அவரவரே அறிந்துகொள்ள வேண்டும். தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வறிவு மிகவும் தேவை. வந்த இடத்தில் வாய் திறக்கலாகாதென்று எல்லாவற்றையும் பொறுப்பவர் தம் மதிப்பை இழக்கிறார். சிறு சொல்லுக்கும் சினந்து ஒதுங்குபவர் அயலாரின் நட்பை இழக்கிறார்.

கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களைச் சற்று நோக்குவோம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலை ஒரு மாநிலம், அருகிலுள்ள களியக்காவிளை வேறொரு மாநிலம் என்றாயிற்று. ஆயினும் வாணிபமும் உறவும் அக்கோட்டைக் கடந்தே நடைபெறுகின்றன.

இங்கே தமிழர் ஒருவர் மலையாள முதியவரிடம் பணிவாக 'நீங்கள்' என்கிறார். மலையாளத்தில் 'நிங்ஙள்' என்பது மூத்தோர் செவிக்கு அத்துணைப் பணிவான சொல்லன்று. 'சாறே', 'சேட்டா' என்று விளிப்பதே அங்கு மரியாதை. மறுபுறம், தமிழில் 'வந்தான்', 'வந்தார்' என வினைச்சொல்லே மதிப்பைக் காட்டும். மலையாள வினைக்கோ அவ்விகுதி இல்லை. யார் வந்தாலும் 'வந்நு' தான். அதைக் கேட்ட தமிழர், தம் தந்தையை அவமதித்ததாக எண்ணக்கூடும். இருவரும் எல்லை மீறவில்லை. இலக்கணம் வேறு, அவ்வளவே. தில்லியின் 'ஆப்' கேட்டுப் பழகியவருக்கு மும்பைத் தெருவின் 'தும்' உறுத்துவதும் இவ்வகையே. ஆகவே மனம் புண்படும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, 'இது வழக்கத்தின் வேற்றுமையா, உள்ளத்தின் இழிவா?' என்பதாகும்.

எனினும் வழக்கம் என்ற பெயரால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளல் தகுமோ? இதே தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதை ஒரு காலத்தில் ஊர் வழக்கம் தடுத்தது. நெடிய போராட்டத்தின் பின்னர், 1859இல் அரச ஆணை அவ்வுரிமையை வழங்கியது. அப்போதும் மேற்சாதியார் அணியும் முறையில் அணியலாகாதென்ற கட்டு இருந்தது. அப்பெண்கள் வழக்கத்துக்குப் பணிந்திருந்தால் அவ்வுரிமையும் கிட்டியிராது. பேச்சு முறையில் வளைந்து கொடுக்கலாம். உடலையும் மானத்தையும் தொடும் இடத்தில் வளைதல் பண்பாகாது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவையே நாள்தோறும் நம்மைத் தடுமாறச் செய்பவை. உம் சம்பளம் எவ்வளவு என்று அடுத்த வீட்டுப் பாட்டி கேட்பது அன்பு. வீட்டு உரிமையாளர் கேட்டால் அதன் பொருள் வேறு. எனவே கேள்வியோடு கேட்பவரையும் எடை போடுதல் வேண்டும். இசைந்த பின் மனம் மகிழ்கிறதா, இரவெல்லாம் குமைகிறதா என்பது மற்றோர் அளவுகோல். நாம் மறுத்தால் அவர் விட்டுவிடுகிறாரா, மீண்டும் வற்புறுத்துகிறாரா என்பது மூன்றாவது.

மறுப்பதற்குக் கடுஞ்சொல் வேண்டியதில்லை. 'அண்ணா, இதை மட்டும் கேளாதீர்கள்' என்றால் போதும். முறை சொல்லி அழைப்பதால் உறவு நிற்கிறது; வேண்டாம் என்பதால் எல்லையும் நிற்கிறது.

இறுதியாக ஒன்று. பிறர் எல்லையை நாமும் காக்கக் கடமைப்பட்டவர்கள். வெளிமாநிலத் தமிழர் கூடுமிடங்களில், புதிதாக வந்த பெண்ணிடம் 'ஏன் இன்னும் குழந்தை இல்லை?' என்றும், இளைஞரிடம் 'நீங்கள் எந்தச் சாதி?' என்றும் தயக்கமின்றிக் கேட்பவர் நம்மிடையே உண்டு. அயலாரிடம் நாம் எதிர்பார்க்கும் மதிப்பை முதலில் நம்மவர்க்கு நாமே வழங்குவோமாக.