ஆலப்புழா: ஹவுஸ்போட்டை விட்டு இறங்கிப் பார்த்தால்

லீவு சீசன் வந்தாலே நம்ம இன்பாக்ஸ்ல வர்ற ஒரே கேள்வி, "ஆலப்புழா போறோம், எந்த ஹவுஸ்போட் எடுக்கலாம்?" என் பதில் சிலருக்கு ஏமாற்றமா இருக்கும். வயசானவங்க, கைக்குழந்தைன்னு குடும்பமா போறீங்கன்னா ஹவுஸ்போட் வசதிதான், எடுங்க. ஆனா அந்தத் தண்ணியைப் பார்க்கணும், அதுல வாழற ஊரைப் பார்க்கணும்னு போறவங்களுக்கு அது சரியான வண்டி இல்லை. ஏன்னா அது அகலமான கால்வாயிலயும் காயல்லயும்தான் போகும். குட்டநாடு இருக்கிறது சின்னத் தோடுகள்ல. தோடுன்னா மலையாளத்துல வாய்க்கால்.

இடத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். வேம்பநாட்டுக் காயல் சுமார் 96 கிலோமீட்டர் நீளம், இந்தியாவிலேயே நீளமான ஏரி. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில்னு ஆறுகள் கிழக்கு மலையில இருந்து இறங்கி இதுல கலக்குது. இந்தப் பக்கம் கடல். நடுவுல மாட்டிக்கிட்ட தாழ்வான பூமிதான் குட்டநாடு. காயலுக்குள்ளயே மண்ணைக் கொட்டி வரப்பு கட்டி, உள்ளே இருக்கிற தண்ணியை இறைச்சு வெளியே தள்ளி, வயலா மாத்தியிருக்காங்க. அந்த வயல் கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கு. 2013-ல ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதைப் பாரம்பரிய வேளாண் முறைன்னு அங்கீகரிச்சாங்க.

நான் முதல்ல ஏறினது அரசாங்கப் படகு. ஆலப்புழா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே ஜெட்டி. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை நடத்துறது, நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி. கோட்டயம் வரைக்கும் ரெண்டரை மணி நேரம், டிக்கெட் ஒரு டீ, ரெண்டு வடை விலை. முன்னாடி சுக்கான் பிடிக்கிறவரை ஸ்ராங்குன்னு சொல்றாங்க. பழைய படகுகள்ல அவர் கயிறை இழுத்து மணி அடிச்சாத்தான் எஞ்சின்கிட்ட இருக்கிறவருக்கு வேகம் கூட்டணுமா குறைக்கணுமான்னு தெரியும். ஸ்கூல் பசங்க, மீன் கூடை, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறி இறங்கும். நாம போட்டோ எடுக்க ஜன்னல் சீட் பிடிச்சுக்கிட்டா, வேலைக்குப் போற அக்கா நின்னுட்டு வரணும். அதனால காலைல, சாயங்காலம் கூட்ட நேரத்தைத் தவிர்த்துட்டு மத்தியானத்துல போங்க.

மறுநாள் காலைல ஆறரைக்கு வள்ளம். துடுப்பு போடற சின்ன மரப்படகு. ஓட்டினவருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். நான் "சேட்டா"ன்னு கூப்பிட, அவர் "மோளே, நடுவில இரிக்கு"ன்னு சொல்லி உட்கார வெச்சார். உட்கார்ந்தா தண்ணி நம்ம முழங்கை உயரத்துல இருக்கு. தோட்டுக்குள்ள நுழைஞ்சதும் எஞ்சின் சத்தம் எல்லாம் பின்னாடி போயிடுது. துணி துவைக்கிற சத்தம், ஒரு வீட்டு ரேடியோ, துடுப்புல இருந்து சொட்டுற தண்ணி, அவ்வளவுதான். ஒரு இடத்துல வரப்பு தாழ்வா இருந்தது. எட்டிப் பார்த்தா வயல் எங்களுக்குக் கீழே! தண்ணில மிதக்கிற நாங்க மேலே, நாத்துக்கு நடுவுல நிக்கிறவர் பள்ளத்துல. குட்டநாட்டைப் பத்தி நான் படிச்ச எதுவும் அந்த ஒரு பார்வை அளவுக்குப் புரிய வைக்கலை. பக்கத்துல 'பெட்டியும் பறையும்'னு சொல்ற மரத்தால செஞ்ச பம்ப் ஓடிட்டு இருந்தது. வயல்ல ஊறுற தண்ணியைத் தோட்டுக்குத் தூக்கித் தள்ளிக்கிட்டே இருக்கணும். வரப்பு ஒரு இடத்துல உடைஞ்சாலும் அந்த வருஷ விளைச்சல் போச்சு. 2018 வெள்ளத்துல இந்த ஊரே வீட்டைப் பூட்டிட்டு வெளியேறிச்சு.

கொஞ்ச தூரத்துல ஆகாயத்தாமரை வழியை அடைச்சிருந்தது. சேட்டன் துடுப்பை வெச்சுட்டு மூங்கில் கழியை எடுத்தார். "முன்னெல்லாம் உப்பு கேறி வரும், இது கரிஞ்சு போகும்"னு சொன்னார். அவர் சொன்னதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. வெயில் காலத்துல கடல் தண்ணி ஏறி நெல்லைக் கெடுக்குதுன்னு 1970-கள்ல தண்ணீர்முக்கத்துல காயலுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டினாங்க. டிசம்பர்ல ஷட்டரை மூடி மார்ச்ல திறக்கிறதுதான் ஏற்பாடு. நெல்லுக்கு அது உயிர். ஆனா மூடின நாள்ல கடல்ல இருந்து இறாலும் மீனும் உள்ளே வர முடியாது, கக்கா அள்ளுறவங்களுக்கு வருமானம் குறையும், களை சாகாது, அழுக்கு தண்ணியும் வெளியே போகாது. திறக்கிறது தள்ளிப்போனா மீனவர் கொந்தளிப்பாங்க, சீக்கிரம் திறந்தா விவசாயி. ரெண்டு பேரும் ஒரே தோட்டுக் கரையில எதிரெதிர் வீடு. யார் சரின்னு சென்னைல இருந்து போன நான் தீர்ப்பு சொல்ல முடியுமா?

ஹவுஸ்போட் விஷயத்துல மட்டும் எனக்குத் தயக்கம் இல்லை. அந்தப் படகோட மூலம் கெட்டுவள்ளம்: ஆணி இல்லாம, கயித்தால பலகையைக் கட்டித் தைச்சு நெல்லு ஏத்திக்கிட்டு போனது. ரோடு வந்ததும் வேலை போச்சு, 90-கள்ல ரூம் கட்டி டூரிஸ்ட்டை ஏத்தினாங்க. நல்ல யோசனைதான். ஆனா இப்போ நூத்துக்கணக்குல டீசல் எஞ்சின், நூத்துக்கணக்குல கழிவறைத் தொட்டி. அந்தக் கழிவை ஒழுங்கா எடுத்துட்டுப் போகாத படகு ஒவ்வொண்ணும் அதைக் கொட்டுறது இவங்க பாத்திரம் தேய்க்கிற தண்ணிலதான். நாங்க திரும்பும்போது குடிதண்ணிக் குடங்களை ஏத்திக்கிட்டு ஒரு வள்ளம் எதிரே வந்தது. வீட்டு வாசப்படி வரைக்கும் தண்ணி, குடிக்கிறதுக்குப் படகுல வரணும். அப்படியும் ஹவுஸ்போட்தான்னு முடிவு பண்ணா, புக் பண்றதுக்கு முன்னாடி "கழிவை எங்கே இறக்குறீங்க?"ன்னு கேளுங்க. மழுப்பினா அடுத்த படகைப் பாருங்க.

சரி, போறவங்களுக்கு. சென்னை சென்ட்ரல்ல இருந்து ஆலப்புழா எக்ஸ்பிரஸ் இருக்கு, ராத்திரி ஏறினா மறுநாள் போய்ச் சேரலாம். வள்ளத்துக்கு ஹோம்ஸ்டேல சொன்னா ஏற்பாடு பண்ணுவாங்க. காலைலயே போயிடுங்க, வெயில் ஏறினா நிழல் கிடையாது. லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்க, நீச்சல் தெரிஞ்சாலும். தோட்டுல எங்க வேணும்னாலும் சுத்துங்க, ஆனா சின்ன வள்ளத்துல காயல் நடுவுக்குப் போகாதீங்க, காத்து அடிச்சா அங்கே அலை நல்லாவே எழும்பும். கூட்டம் வழியிற படகுலயும் ஏறாதீங்க. 2002 ஜூலைல முஹம்மால இருந்து குமரகம் போன படகு மூழ்கி 29 பேர் இறந்தாங்க, நிறைய பேர் அரசுத் தேர்வு எழுதப் போனவங்க. அடுத்த படகு வரும், காத்திருங்க. வீட்டு வாசல்ல குளிக்கிறவங்களை, துணி துவைக்கிறவங்களை போட்டோ எடுக்காதீங்க. முன்பக்கம் தண்ணியா இருந்தாலும் அது அவங்க வீட்டு முற்றம்.