கூறியவர் யார்?

(திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வட்டாரத்தில், தொழிலாளத் தோழர்களும் தமிழன்பர்களும் கூடிய அவையில் நிகழ்ந்த பொழிவு)

 

திருப்பெரும்புதூரிலிருந்து தெற்கே ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும், ஒரு தலைமுறைக்கு முன்னர் ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த நிலம். இன்று அங்கே மகிழுந்தும் சரக்குந்தும் இருசக்கர வண்டியும் விளைகின்றன. ஆயிரக்கணக்கான இளைஞர் முறைமாற்றி இரவும் பகலும் உழைக்கின்றனர். அத்தகைய தொழிலகங்களின் வாயிற்பலகைகளிலும், தொழிலாளர் கையிற் சேரும் ஓலைகளிலும் ஒருவகைத் தமிழ் வழங்குகின்றது. 'தொழிலாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்', 'இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது', 'தாங்கள் ஒழுங்குமீறி நடந்ததாகக் கூறப்படுகிறது' என்பன அதன் வாய்பாடுகள்.

கேட்டுக்கொள்பவர் யார்? தெரிவிப்பவர் யார்? கூறியவர் யார்? மூன்று தொடரிலும் வினை உண்டு, வினைமுதல் இல்லை. ஆளில்லாத வீட்டினுள்ளிருந்து குரல்மட்டும் கேட்பது போன்றது இது.

இதனை வெறும் நடைக்குற்றம் என்று தள்ளிவிடல் ஆகாது. சொன்னவரை மறைத்துச் சொல்லைமட்டும் உலவவிடும் இப்பழக்கம் தமிழ்மரபுக்கும் மாறானது. தமிழனின் உரிமைக்கும் கேடானது.

இந்நோய் வந்த வழியை முதற்கண் காண்க. ஆங்கிலத்தில் எழுவாய் இன்றிச் சொற்றொடர் நில்லாது. சொன்னவரைச் சுட்ட விரும்பாத ஆங்கிலேயன், 'இட்' என்னும் பொருளற்ற சுட்டை எழுவாயிடத்தில் நிறுத்தி, வினையைச் செயப்பாட்டு வினையாக்கி, 'இட் இசு செட்' என்பான். பிறர் நூலைக் காட்டுமிடத்தும், 'மேலே குறிப்பிடப்பட்ட', 'அந்நூலில் மேற்கோள் காட்டப்பட்ட' என்பதே அம்மொழியின் போக்கு. அம்மொழிக்கு அது பொருந்தும். ஆயினும் அங்கும் அறிஞர் அதன் தீங்கை உணர்ந்துள்ளனர். சார்சு ஆர்வெல் 1946-இல் அரசியலையும் ஆங்கிலமொழியையும் பற்றி வரைந்த கட்டுரையில், செய்வினை பொருந்துமிடத்தில் செயப்பாட்டு வினையை ஆளாதே என்பதை எழுதுவோர்க்குரிய விதிகளுள் ஒன்றாக வைத்தார். ஆங்கிலேயர் கழிக்க முயல்வதைத் தமிழர் கடன்வாங்கிப் போற்றுவது நகைப்பிற்கு இடமன்றோ?

அலுவலகத்தில் ஆங்கில ஓலையை முன்வைத்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவரும், செய்தித்தாளில் இரவோடிரவாக ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கியவரும் இந்நடையைப் பரப்பினர். பின்னர், பொறுப்பேற்க அஞ்சுவோர்க்கெல்லாம் இது கேடயமாயிற்று.

தமிழின் இயல்பு இதற்கு முற்றிலும் வேறு. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இம்மொழிகளில் செயப்பாட்டு வினைக்கெனத் தனிவடிவம் இல்லை என்றே கண்டார். நூலறிவு வேண்டா, கடைத்தெருவே போதிய சான்று. 'வறுத்த கடலை' என்கின்றனர் மக்கள். 'வறுக்கப்பட்ட கடலை' என்பார் எவருமிலர். 'சுட்ட செங்கல்', 'அவித்த நெல்', 'வார்த்த இரும்பு' என்பனவும் அவ்வாறே. கடலைதான் எதையோ வறுத்தது என்று மயங்கியவரும் இலர். அங்ஙனமாயின் 'மேலே சொன்ன செய்தி', 'பாவாணர் எழுதிய நூல்' என்பன இருக்க, 'மேலே சொல்லப்பட்ட செய்தி', 'பாவாணரால் எழுதப்பட்ட நூல்' என்பன எதற்கு?

செய்தவரைச் சுட்ட வேண்டாத இடத்திற்கும் தமிழில் வழியுண்டு. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லுதலும் வழக்கென்று தொல்காப்பியர் வகுத்தார். 'திண்ணை மெழுகிற்று' என்று உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுத் தந்தனர். 'வீடு கட்டியாயிற்று', 'சம்பளம் போட்டாயிற்று' என்று இன்றும் மக்கள் சொல்வது காண்க.

இனி, பிறர் கூற்றை எடுத்துரைக்கும் முறைக்கு வருவோர் காண வேண்டிய சொல் 'என்ப' என்பது. தொல்காப்பியத்தில் 'என்ப', 'மொழிப', 'என்மனார் புலவர்' என்பன வழிநெடுக வருகின்றன. தமக்கு முன் இலக்கணம் கண்டோர் உளர் என்பதைத் தொல்காப்பியர் அச்சொற்களால் ஒப்புக்கொள்கின்றார். 'என்ப' என்பதிலும் பெயர் இல்லையே என்று வினவலாம். ஈற்றை நோக்குக! பகர ஈறு பலர்பாலுக்கு உரியது. தொல்காப்பியர் அப்பாலுக்குச் சொல்லும் மூன்று ஈறுகளுள் அது ஒன்று. 'என்ப' என்றவுடன் மாந்தர் பலர் முன்வந்து நிற்கின்றனர். 'கூறப்படுகிறது' என்பதன் ஈறோ 'து'. அஃறிணை ஒன்றன்பாலுக்கு உரியது. மாந்தர் சொன்ன சொல்லை எடுத்துரைக்கும்போது, அவரை உயர்திணையில் நிறுத்துகிறது தமிழ். புதுவழக்கோ அவரை அறவே நீக்கி, அஃறிணை ஈறு ஒன்றையே எஞ்சவிடுகிறது. உயர்திணையாரைத் தேடிச்சென்று வினவலாம். 'து' என்னும் ஈற்றை வினவ முடியுமா?

உரையாசிரியர்கள் இம்மரபை மேலும் வளர்த்தனர். தமக்கு உடன்பாடில்லாத கருத்தைக் காட்டும்போதும் பரிமேலழகர் 'என்று உரைப்பாரும் உளர்' என்பார். பெயர் சொல்லாவிடினும் ஆள் உண்டு. 'உளர்' என்னும் சொல்லே அதற்குச் சான்று.

பெயர்சுட்டி எழுதியதன் பயனுக்கு அடியார்க்குநல்லார் ஒருவரே போதிய சான்று. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுக்கப் புகுந்த அவர், இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதியம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்று தமக்குத் துணையான நூல்களைப் பெயரிட்டுச் சொன்னார். 1892-இல் உ.வே. சாமிநாதையர் அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தை அச்சேற்றினார். அந்நூல்களுட் பெரும்பாலன அதற்குள் மறைந்துவிட்டிருந்தன. ஆயினும் அவற்றின் பெயர் மறையவில்லை. காக்கைபாடினியம், அவிநயம் என்னும் யாப்பு நூல்களின் நூற்பாக்களை யாப்பருங்கல விருத்தி காத்துத் தந்ததும் அவ்வாறே. அடியார்க்குநல்லார் 'இசை நூல்களில் இவ்வாறு கூறப்பட்டுள்ளது' என்று மட்டும் வரைந்திருப்பின் என்னாகியிருக்கும்? தமிழர்க்கு இசைநூலும் கூத்துநூலும் இருந்தன என்பதற்குரிய சான்றுகளுள் ஒரு பெரும்பகுதியே போயிருக்கும்.

இம்மண்ணுக்குரிய சான்றும் ஒன்றுண்டு. திருப்பெரும்புதூரிற் பிறந்த இராமானுசர், திருமாலையாண்டான் என்னும் ஆசிரியரிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டார். சில இடங்களில் ஆசிரியர் சொன்னதினும் வேறு பொருளே தக்கதெனக் கண்டார். பின்வந்த உரையாளர் அவ்விரு பொருளையும் அவரவர் பெயராலேயே பதிந்தனர். நம்பிள்ளையின் பொழிவுகளை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டிலேற்றிய ஈட்டுரையிலும், இது பட்டர் சொன்னது, இது நஞ்சீயர் சொன்னது என்னும் பாகுபாடு தெளிவாக உள்ளது. அவ்வுரைகளின் கலப்புநடை தனித்தமிழ் அன்பர்க்கு உடன்பாடன்று. அவை சொன்னவரைச் சுட்டும் நேர்மையோ எவர்க்கும் உடன்பாடே. அவர் பிறந்த ஊரின் தொழிலகத்தில் ஆளில்லாத் தமிழ் வழங்குவது பொருந்துமா?

'எனப்படும்' என்பது தொல்காப்பியத்திலும் 'எனப்படுவது' என்பது திருக்குறளிலும் உள்ளனவே என்று சிலர் மறுக்கலாம். உள்ளன, மெய்யே. 'படு' தமிழ்ச்சொல்லே, அதனை அறவே ஒதுக்குக என்று ஈண்டு எவரும் சொல்லவில்லை. ஒரு பொருளின் பெயரையோ இலக்கணத்தையோ வரையறுக்குமிடத்து அச்சொல் வரும். ஒருவர் கண்டதையோ கேட்டதையோ சான்றாக்குமிடம் வேறு. அங்கே ஆளை மறைப்பது சான்றையே மறைப்பதாகும்.

தோழர்களே! இஃது ஏட்டறிஞர்க்குமட்டும் உரிய வழக்கன்று. 'தாங்கள் மேற்பார்வையாளரை எதிர்த்துப் பேசியதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது. ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?' என்னும் குறிப்பாணை ஒரு தொழிலாளியின் கைக்கு வருகிறது என்க. தெரிவித்தவர் யார்? நேரிற் கண்டவரா? பிறர் சொல்லக் கேட்டவரா? எழுதித் தந்தாரா? இவை தெரியாமல் அவன் எதற்கு விடையிறுப்பான்? ஒரு வினையீறு மறைத்த ஆளைத் தேடுவதிலேயே அவன் வேலையும் வாழ்வும் போய்விடக்கூடும்.

இந்தியாவின் உச்ச நயன்மன்றம் 1963-இல் மீங்கிளாசு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வழக்கில் இதனைத் தெளிவாக்கிற்று. குற்றச்சாட்டை எதிர்கொள்பவன் அக்குற்றச்சாட்டைமட்டுமன்றி, அதனைத் தாங்கும் சான்றையும் அறிய வேண்டும். சான்றாளரை அவன் குறுக்கே வினவ இடமிருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. தொழிலக நிலையாணைகளைப் பற்றிய 1946-ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வாணைகளைத் தொழிலாளருட் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் வாயிலருகே பலகையில் வைக்குமாறு 9-ஆம் பிரிவில் பணித்தது. இன்று அச்சட்டம் 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பினுள் அடங்கிவிட்டது. சட்டம் வேண்டியது விளங்கும் மொழி. தமிழெழுத்தில் அச்சிட்டமட்டில் ஒன்று விளங்கும் தமிழாகிவிடாது.

எனவே தமிழர் கைக்கொள்ள வேண்டிய நெறி எளியது. சொன்னவர் தெரியுமாயின் பெயரைச் சொல்க: 'இரவுமுறை மேற்பார்வையாளர் இன்னார் எழுதித் தந்துள்ளார்.' பலர் சொன்னதாயின் 'என்பர்', 'என்று ஊரார் சொல்கின்றனர்' என்க. நிறுவனம் கேட்டுக்கொள்வதாயின் 'நிறுவனம் கேட்டுக்கொள்கிறது' என்க. சொன்னவர் யாரென்றே தெரியாதாயின், 'சொன்னவர் யாரெனத் தெரியவில்லை' என்று நேர்மையோடு எழுதுக. அவ்வாறு எழுத நாணம் வருமாயின், அச்செய்தியை எழுதாமல் விடுக.

ஆளை மறைத்த ஓலை கைக்கு வருமாயின், எந்தத் தொழிலாளியும் தன் விடையின் முதல்வரியாக, 'கூறியவர் யார்? அவர் கூற்றின் படியைத் தருக' என்று நல்ல தமிழில் எழுதிக் கேட்பானாக. தொல்காப்பியர் தம் முன்னோர்க்குத் தந்த மதிப்பும், தொழிலாளி தன் உரிமைக்கு வேண்டும் காப்பும் அவ்வொரு வினாவில் ஒன்றுசேர்கின்றன.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!