மாத்திரையும் தாயத்தா?

(கிணத்துக்கடவு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



ஆபரேஷன் நன்றாய் முடிந்தும், புண்ணில் சீழ் வைத்து ஆள் செத்துப்போனால், "விதி முடிந்தது, டாக்டர் என்ன செய்வார்?" என்று எழுந்து வந்துவிடுகிறோம். அந்த விதி எது என்று யாராவது கேட்டோமா? எத்தனையோ சாவுகளில் அது மருந்துக்குச் சாகாத கிருமியேயாகும்.

தக்காளி விவசாயிகளாகிய உங்களுக்கு இது தெரியாததல்ல. ஒரே மருந்தை ஓயாமல் அடித்தால் என்ன ஆகிறது? சாகிற புழு செத்துப்போக, தாக்குப்பிடித்த நாலு புழுவின் வம்சமே காடு முழுவதும் நிறைகிறது. கிருமியின் சங்கதியும் இதுதான். சில கிருமிகள் 20 நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். மேலும், தாக்குப்பிடிக்கும் வித்தையை வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். மனிதன் பாராட்டுகிற ஜாதி வித்தியாசம் அதற்குக் கிடையாது!

2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கடைசி ஆயுதம்போல் வைத்திருந்த கார்பாபெனம் மருந்தையும் செல்லாமற் செய்யும் என்.டி.எம்.-1 என்ற ஜீன், சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் காணப்பட்டது. அதற்கு டில்லியின் பெயரை வைத்தது நாட்டுக்கு அவமானம் என்று பலர் கூச்சலிட்டார்கள். பெயருக்குக் கோபித்தால் கிருமி சாகுமா? 2012-ல் வைத்திய சங்கங்கள் சென்னையில் கூடிப் பிரகடனம் செய்தன. 2014-ல், இத்தகைய சில மருந்துகளைச் சீட்டின்றி விற்கக்கூடாது, விற்றதற்குக் கணக்கு எழுத வேண்டும் என்ற சர்க்கார் விதி அமுலுக்கு வந்தது.

விதி ஏட்டில் இருக்கிறது. நாமோ சளி பிடித்ததும் கடைக்குப் போய், "ரண்டு மாத்திரை குடுங்க" என்கிறோம். சாதாரணச் சளி வைரசால் வருவது; இம்மருந்து அதை ஒன்றும் செய்யாது. ஏன், எதற்கு என்று கேளாமல் கட்டிக்கொள்வது தாயத்தென்றால், கேளாமல் விழுங்குவதற்கு வேறென்ன பெயர்?

ஆஸ்பத்திரிக்குள் கிருமி படுக்கைக்குப் படுக்கை போவது பெரிதும் கை வழியாகத்தான். 1847-லேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதால் தாய்மார்கள் சாகிறார்கள் என்று கண்டு, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். சாவு வெகுவாய்க் குறைந்தது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் பலர் ஒப்பவில்லை.

ஆகவே தோழர்களே! கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ ஆஸ்பத்திரிக்குப் போனால், "இந்த மருந்து எதுக்குங்க? எத்தனை நாளைக்குங்க?" என்று கேளுங்கள். சொன்ன கணக்கை நீங்களாக மாற்றாதீர்கள். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்யாதீர்கள். நோயாளியைத் தொடுகிறவர் டாக்டரானாலும், நர்சானாலும், பார்க்கப் போன நீங்களானாலும் கை கழுவியாக வேண்டும். கழுவாதவரைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேளாமலிருப்பதுதான் ஆபத்து என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.