பிள்ளைகளின் குடல் அழற்சி நோய்: பெற்றோரும் உஸ்தாதுமார்களும் அறிய வேண்டியவை

 

நமது மக்தபில் ஓதிவந்த சிறுவன் ஒருவன், பாடவேளையில் நான்கைந்து முறை எழுந்து கழிவறைக்குச் செல்ல அனுமதி கேட்பான். பாடத்திற்குப் பயந்து சாக்குச் சொல்கிறான் என்று நாம் கடிந்துகொண்டோம். ஓராண்டிற்குள் அவனுடைய தம்பி அவனைவிட உயர்ந்துவிட்டான். அதன் பின்னரே மருத்துவர்கள் அவனுக்குக் குரோன் நோய் இருப்பதைக் கண்டறிந்தனர். அன்று நாம் கடிந்துரைத்த சொற்கள் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றன. ஆகவே, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறோம்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், தன் குடலையே தாக்கிப் புண்ணாக்குவதே இந்நோய். இது இரு வகைப்படும். குரோன் நோய் வாய் முதல் மலவாய் வரை எவ்விடத்தும் தோன்றலாம். குடற்சுவரின் ஆழம் வரை ஊடுருவும். 1932இல் நியூயார்க் நகர மருத்துவர்கள் மூவர் இதனை விவரித்து எழுதினர். அவர்களுள் ஒருவரான குரோனின் பெயரே நோய்க்கு நிலைத்தது. மற்றொன்றான அல்சரேட்டிவ் கோலைடிஸ் பெருங்குடலின் உட்படலத்தைப் பற்றுவது. பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் பெருங்குடல் முழுவதும் பரவியிருக்கும். இவ்விரண்டும் தொற்றுநோய்கள் அல்ல. ஒரே சஹனில் அமர்ந்து உண்பதால் எவருக்கும் பரவாது.

இந்நோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு 20 வயதுக்கு முன்பே நோய் தொடங்குகிறது. பிரிட்டிஷ் தீவுகளில் 1998-99இல் எடுத்த கணக்கின்படி, 16 வயதுக்குட்பட்ட ஒரு இலட்சம் பிள்ளைகளுள் ஆண்டுக்கு 5 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டது. இது மேலைநாட்டார் நோய் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இது மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்பட்டதாக 2007இல் ஆய்வொன்று வெளிவந்தது. இந்தியாவிலும் இந்நோய் பெருகிவருவதாக மருத்துவர்கள் கூறுகின்றனர்.

வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் குரோன் நோய் என்று எண்ணுதல் தவறு. மேற்சொன்ன பிரிட்டிஷ் கணக்கில், குரோன் நோயுற்ற பிள்ளைகளுள் கால் பங்கினரிடமே மூன்றும் ஒருங்கே இருந்தன. சிலருக்கு வளர்ச்சி நின்றுபோதலே முதல் அடையாளமாக இருக்கும். பருவமடைதல் தாமதமாதல், இரத்தசோகை, அடிக்கடி வாய்ப்புண், மூட்டுவலி, மலவாயில் வெடிப்பு அல்லது சீழ், மலத்தில் இரத்தம் ஆகியவையும் அடையாளங்களே. இரத்தத்தைக் கண்டதும் மூலம் என்று முடிவு செய்து நாட்டு மருந்து கொடுத்துக் காலத்தைப் போக்காதீர்கள்.

நம் நாட்டில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. குடல் காசநோயும் குரோன் நோயைப் போன்றே தோற்றமளிக்கும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் காசநோயாளிக்குக் கொடுத்தால் காசநோய் முற்றிவிடும். எனவேதான் மருத்துவர்கள் குடலுள் கருவி செலுத்திப் பார்த்துச் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கின்றனர். அச்சோதனைக்கு அஞ்ச வேண்டாம்.

நோயை அடக்கி வைக்க வழிகள் உள்ளன. குரோன் நோயுற்ற பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வேறு உணவின்றி, மருத்துவர் தரும் ஊட்டத் திரவத்தை மட்டுமே கொடுத்துப் பலரிடம் அழற்சியைத் தணிக்கின்றனர். இதனால் வளர்ச்சியும் மீள்கிறது. ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், குணம் தெரிந்தவுடன் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்தாகும். துஆச் செய்வோம், மருந்தையும் விடாதிருப்போம்.

பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. நோயாளிக்கும் மார்க்கம் சலுகை தந்துள்ளது. ஆகவே ரமளானில், “உன் வயதுப் பிள்ளைகள் நோன்பு வைக்கிறார்களே, நீ ஏன் வைக்கவில்லை?” என்று எவரும் அப்பிள்ளையைக் கேட்க வேண்டாம்.

உஸ்தாதுமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிவறைக்கு எழும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். அடிக்கடி எழுந்தால் தனியே அழைத்து அன்புடன் விசாரித்து, பெற்றோருக்குத் தெரிவியுங்கள். நாம் அன்று செய்யத் தவறியது அதுவே.