எதற்கு முதலிடம்?



ஒரு மாவட்ட மருத்துவமனையின் மருந்துக் களஞ்சியத்தை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். நூற்றுக்கணக்கான மருந்துகள் அங்கே அடுக்கப்பெற்றுள்ளன. பணமும் அளவுடையது, பொறுப்பாளரின் நேரமும் அளவுடையது. எல்லா மருந்துகளையும் ஒரே விழிப்புடன் கண்காணித்தல் இயலாது. எனவே எதற்கு முதலிடம் என்னும் வினா எழுகிறது.

இதற்கு நம் நாட்டு மருத்துவமனைகளில் இரண்டு அளவுகோல்கள் வழங்குகின்றன. முதலாவது, பணத்தை அளப்பது. 1951இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த போர்டு டிக்கி என்பார், தொழிற்சாலைச் சரக்குகளுக்காக இம்முறையை விளக்கி எழுதினார். ஆண்டுச் செலவை நோக்கிப் பண்டங்களை ஏ, பி, சி என வகுப்பது இது. பொதுவாக, நூற்றுக்குப் பத்துப் பண்டங்களே செலவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை விழுங்கிவிடும், அவை ஏ. நூற்றுக்கு எழுபது பண்டங்கள் சேர்ந்தும் 10 விழுக்காட்டளவே செலவாகும், அவை சி. இடைப்பட்டவை பி.

இரண்டாவது, உயிரை அளப்பது. இல்லையேல் உயிருக்கே இடர் என்னும் மருந்து வி. சிறிது காலம் இன்றியும் சமாளிக்கக் கூடியது இ. இருந்தால் நலம் என்பது டி.

இவ்விரண்டையும் எங்ஙனம் இணைப்பது? ஒவ்வொன்றிலும் முதல் வகைக்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1 என மதிப்பெண் இடுவோம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாயின் குருதிப்பெருக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் மருந்து, ஒரு களஞ்சியத்தில் செலவில் சி, தேவையில் வி எனக் கொள்க. அதன் எண்கள் 1, 3. இரண்டிலும் நடுத்தரமான வேறொரு மருந்துக்கு 2, 2. கூட்டினால் இரண்டும் நான்கே. பெருக்கினாலோ, தாயைக் காக்கும் மருந்துக்கு 3, மற்றதற்கு 4! ஒருவரும் எண்ணாத தீர்ப்பைப் பெருக்கற் கணக்கு வழங்கிவிட்டது.

காரணம் யாது? இவ்வெண்கள் வரிசையைக் காட்டுவனவேயன்றி அளவைக் காட்டுவன அல்ல. மேலும், கூட்டலும் பெருக்கலும் ஒன்றன் குறையை மற்றொன்றன் நிறைவால் ஈடு செய்யும். சரக்கு வழங்குவோரைத் தெரிந்தெடுக்கையில் விலையையும் காலந்தவறாமையையும் அவ்வாறு ஈடு செய்யலாம். உயிருக்கு ஈடாக எதனைச் சொல்வது?

ஆதலின் மருத்துவமனைகள் எண்ணைக் கூட்டாமல் ஒரு விதியைக் கைக்கொள்கின்றன. ஏ அல்லது வி, இரண்டில் ஒன்றாயினும் பெற்ற மருந்து முதற் குழுவைச் சேரும். இரண்டிலும் கடைநிலையில் உள்ள சி-டி மருந்துகள் மட்டும் மூன்றாங் குழு. எஞ்சியவை இரண்டாங் குழு. ஆக்சிடோசின் தனக்குரிய இடத்தைப் பெற்றுவிடுகிறது.

முதற் குழுவினுள்ளும் நடைமுறை ஒன்றன்று. விலை மிகுந்தும் தேவை குறைந்தும் உள்ள மருந்தை, வாங்கத்தான் வேண்டுமா என வினவுக. மலிவும் உயிர்காப்பும் ஒருங்கே அமைந்ததைக் கெடுநாளும் குளிர்ப்பதமும் பேணித் தாராளமாக இருப்பில் வைக்க.

எந்தத் துறையில் திட்டமிடுவோர்க்கும் ஓர் எளிய சோதனை உண்டு. எல்லோரும் இடம் அறிந்த இரண்டு மூன்று பொருள்களை முதலில் உங்கள் கணக்கில் இட்டுப் பாருங்கள். அவை தவறான இடத்தில் வந்து நிற்குமாயின், பொருள்களை ஐயுறாதீர்கள். கணக்கின் முறையை மாற்றுங்கள்.