ரதிக்காக அழும் நாம்



பெண்களுக்குச் சமூகம் இழைக்கும் கொடுமையைப் பற்றி இவ்வாண்டு விழாவிற் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டபோது நாம் சிறிது தயங்கினோம். இப்பொருளிற் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பெண்ணைத் தெய்வம் என்று தொடங்குவார்கள், பூமாதேவி என்பார்கள், பொறுமைக்குப் பெண் என்பார்கள். நாமும் அவ்வழியே போனால் இந்த மாலைப் பொழுது இனிதே கழியும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் சற்றே திரும்பிப் பாருங்கள். முன்வரிசை நாற்காலிகளில் நாம் அமர்ந்திருக்கிறோம். தாய்மார்கள் பின்னாற் சுவரோரமாக நிற்கிறார்கள். காலையிலிருந்து மலையில் நின்ற கால்கள் அவை. இந்தக் காட்சியைக் கண்முன் வைத்துக்கொண்டு தெய்வம் என்று சொல்ல நமக்கு நாக் கூசுகிறது.

ஆகையால் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். மாசி மாதத்தில் நம் மலைநாட்டுத் தோட்டங்களிற் காமன் கூத்து நடக்கிறது. மதனுக்கும் ரதிக்கும் கலியாணம் நடக்கும். சிவபெருமானுடைய தவத்தைக் கலைக்கப் புறப்படும் மதனை ரதி தடுப்பாள், அவன் கேளான், போவான், நெற்றிக்கண் தீயில் எரிந்து சாம்பலாவான். பிறகு ரதியின் புலம்பல். ரதியாக வேடமிட்டு வருபவன் பெண்ணல்லன், நம்மோடு பந்தடிக்கும் ஒரு வாலிபன்தான். ஆயினும் அவன் நெஞ்சிலடித்துக்கொண்டு புலம்பும்போது, பெரிய மீசைக்காரரெல்லாம் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். நாமும் அழுதிருக்கிறோம். அதை மறைப்பானேன்?

அடுத்த வாரம் அதே லயத்தில் ஒரு கலியாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவெல்லாம் கண்விழித்து மாவிடித்துப் பலகாரம் சுட்டவள் மாப்பிள்ளையின் பெரியம்மா. அவள் புருஷனை இழந்தவள். விடிந்து மாப்பிள்ளை புறப்படும் நேரத்தில், "அக்கா, நீ கொஞ்சம் உள்ளே இரு" என்று யாரோ மெல்லச் சொல்வார்கள். சொல்லக்கூட வேண்டியதில்லை, அவளே காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் சுட்ட பலகாரம் மணவறைக்குப் போகலாம், அவள் போகக்கூடாது. வேடமிட்ட ரதிக்காக விடிய விடிய அழுத நாம், நிசமான ரதியை அடுப்பு மூலையில் வைத்துக் கதவடைக்கிறோம்.

இது சாஸ்திரம் என்று சொல்லும் பெரியோர்கள் இச்சபையில் இருக்கக்கூடும். அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் கதை அத்தோடு முடியவில்லையே! எரித்த சிவனே ரதியின் முறையீட்டுக்குச் செவிசாய்த்தார். அவள் கண்ணுக்கு மட்டும் மதன் தெரியும்படி வரமளித்தார் என்பதல்லவா புராணம்? புருஷனை இழந்தவளை முகூர்த்தத்திலிருந்து விலக்கி வை என்று அவர் சொன்னதாக நாம் கேட்டதில்லை. அந்தப் பகுதியை நடுவிலே சேர்த்தவர்கள் யாரோ!

இனிக் கூலிக் கணக்கைப் பார்ப்போம். வாலிபர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றலாம்; கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியது. அதன்படி தாழ்ந்த பிரதேசத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம். உயர்ந்த மலைப் பிரதேசத்தில் 54, 43, 32. பெண் என்று பிறந்த குற்றத்துக்கு நாளொன்றுக்குப் பத்துச் சதம் தண்டம்! இறப்பர் மரம், தன்னை வெட்டுவது ஆணா பெண்ணா என்று பார்த்தா பால் சுரக்கிறது? கொழுந்துக் கூடையைத் தராசில் மாட்டினால், பெண் எடுத்த கொழுந்து என்று முள் இறங்கி நிற்கிறதா? இந்த ஓரவஞ்சனை துரைமாரோடும் போய்விடவில்லை. நாடு 1948இற் சுதந்திரம் பெற்றது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. பெண்ணின் கூலி மட்டும் ஆணின் கூலிக்குக் கீழேயே நின்றது. 1984ஆம் ஆண்டிலேதான் இரண்டும் சமமாயின. முன்சொன்ன சட்டத்திலிருந்து கணக்கிட்டால் 57 ஆண்டுகள்! தோட்டத் தொழிலாளரிற் பாதிக்குமேற்பட்டவர்கள் பெண்கள். தொழிற்சங்க மேடைகளிலே பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பத்துச் சத வித்தியாசம் அத்தனை காலம் நீடித்ததற்கு வெள்ளைக்காரனை மட்டும் குறைசொல்ல நம்மால் இயலவில்லை.

சரி, கூலி சமமாயிற்று. அந்தக் கூலி யார் கைக்குப் போகிறது?

தோட்டப் பெண் தொழிலாளரைப் பற்றி ராஷேல் குரியன் என்னும் அம்மையார் எழுதிய ஓர் ஆய்வைச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1982இல் வெளியிட்டது. பெண்ணின் சம்பளத்தைப் புருஷனோ தகப்பனோ போய் வாங்கும் வழக்கத்தை அதிலே அவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். வெளியிலிருந்து வந்த ஒருவர் எழுதித்தான் நமக்குத் தெரியவேண்டுமா? சம்பள நாளில் நாமே சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோமே! அம்மாவின் பெயர் கூப்பிடப்படும். அப்பா போய்க் கைநீட்டுவார். அம்மா அந்த நேரத்தில் மலையில் நிற்பாள். இரண்டு பேருடைய சம்பளமும் ஒரே சட்டைப்பையில் இறங்கும். அந்தச் சட்டைப்பை நேரே வீட்டுக்கு வந்த மாதமும் உண்டு. தவறணையடியிற் சுற்றி வந்த மாதமும் உண்டு. இக்காலத்தில் சம்பளம் வங்கிக்குப் போகிறதே என்று ஒரு தம்பி சொன்னார். நல்லது. வங்கி அட்டை யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது, அதன் இரகசிய எண் யாருக்குத் தெரியும் என்று அவரை இன்று வீட்டிற் போய் விசாரிக்கச் சொன்னோம்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இறப்பர் மலையில் வெயில் ஏறுமுன் பால் வெட்டவேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றாற் பேர் இல்லை. அதனால் இருட்டோடு எழுகிறோம். நாம் என்றால் யார்? அவள் நமக்கு முன்னே எழுந்து, ரொட்டி தட்டி, தேத்தண்ணி வைத்து, பிள்ளையைத் தட்டியெழுப்பி, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவிற் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறாள். பிறகு அதே மலை, அதே மரம், அதே வாளி, அதே அட்டைக்கடி. பாலை ஸ்டோரிற் கொடுத்துவிட்டு இருவரும் திரும்புகிறோம். தேயிலைத் தோட்டமானால் இன்னும் மோசம்: கவ்வாத்துக்கும் முள்ளுக்கும் போன ஆண் மத்தியானத்தோடு வேலை முடித்து வருவான், கொழுந்தெடுக்கும் பெண் மாலையில் நிறுவை முடிந்துதான் வருவாள். வந்ததும் நாம் இஸ்தோப்பில் உட்கார்ந்து காலை நீட்டுகிறோம். அவளோ கூடையை இறக்கிவிட்டுக் குடத்தை எடுக்கிறாள்.

நமது சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறோம். வெட்கத்தோடுதான் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டம்மா காய்ச்சலாற் படுத்துவிட்டார். மூன்று நாட்கள் எழும்ப முடியவில்லை. பீலிக்கு நாம் குடத்தை எடுத்துக்கொண்டு போனோம். முதலில் ஒரு கூச்சம். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இருட்டும்வரை காத்திருந்து போனோம். பார்த்தீர்களா, தண்ணீர் எடுப்பதற்குக் கள்ளனைப்போல இருட்டைத் தேடினோம்! ஒரு நாள் சமையலுக்கும் குளிப்பாட்டலுக்கும் பாத்திரத்துக்கும் ஏழு நடை வந்தது. ஏற்றத்திலே நாலாவது நடையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பீலிக்கரையில் வரிசையில் நின்ற ஒரு கிழவி, "என்ன தம்பி, சம்சாரத்துக்கு அவ்வளவு சுகமில்லையா?" என்று கேட்டாள். சாகக் கிடந்தாலொழிய ஆண்பிள்ளை பீலிக்கு வரமாட்டான் என்பது அவளுடைய அனுபவம். நாலாம் நாள் வீட்டம்மா எழுந்தார். நாம் என்ன செய்தோம்? குடத்தை அவரிடமே கொடுத்துவிட்டோம். இன்னும் பல மாதங்கள் கழித்துத்தான் நமக்கு வெட்கம் வந்தது.

வாலிப அன்பர்களே, உங்களுக்கு இருபது வயது. அம்மாவை அப்பா அடித்தபோது பாயிற் கவிழ்ந்து படுத்துத் தூங்குவதுபோலப் பாசாங்கு செய்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்; நாமும் அப்படிக் கிடந்தவர்களே. பெரியவனானால் ஒருபோதும் இப்படிச் செய்யமாட்டேன் என்று அந்த இருட்டிற் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தோம். பிறகு என்ன ஆகிறது? கலியாணம் ஆகிறது. கடைக்கணக்கு ஏறுகிறது. கங்காணி மலையில் நாலு பேர் முன் ஏசுகிறார். அவருக்கு மறுமொழி சொல்ல வாய் வருவதில்லை. பொழுதுபட வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. அப்போது மட்டும் வாய் வருகிறது, சில வேளை கையும் வருகிறது. கையை ஓங்கிய அந்தக் கணத்தில் நம் குரலிலே அப்பாவின் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டவர்கள் எத்தனை பேர் இந்தச் சபையில் இருக்கிறோமோ! பெரியவர்களாக வாழ்வதில் நமக்கு மிகவும் அச்சமூட்டுவது இதுவே. வறுமையைக்கூட ஒருவாறு சமாளிக்கலாம். நாம் வெறுத்த மனிதர் நமக்குள்ளே வந்து குடியேறுவதைக் கவனியாமலே இருந்துவிடுகிறோம். வீட்டு வன்முறையைத் தடுக்க 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அடிபட்ட பெண் நீதவானிடம் போய்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆனால் வழக்குத் தவணைக்கு அவள் ஒரு நாட்பேரை இழந்து பஸ் ஏறவேண்டும். திரும்பி அதே ஒற்றைக் காம்பராவுக்குத்தான் வரவேண்டும். அடுத்த காம்பராவிலிருந்து, "குடும்ப விஷயத்தைக் கோட்டுக்குக் கொண்டுபோனவள்" என்ற பேச்சுக் காதில் விழும். அப்படிப் பேசுகிறவர்கள் ஆண்கள் மட்டுமல்லர் என்பதையும் தாய்மார்கள் மன்னித்துக் கேட்கவேண்டும்.

பெண்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு நம் பக்கத்து ஊரையே காட்டலாம். இந்நாட்டுச் சட்டசபைக்குத் தேர்தல் மூலம் சென்ற முதற் பெண்மணி அடலின் மொலமூரே அம்மையார். 1931இல் அவரைத் தெரிந்தெடுத்தது கொழும்பு அன்று; நமக்கு அடுத்துள்ள ருவன்வெல்லைத் தொகுதி! மறு ஆண்டில் வடகொழும்பிலிருந்து நேசம் சரவணமுத்து அம்மையார் சென்றார். அதற்கு முன்னர் டொனமூர் ஆணைக்குழு இங்கே வந்திருந்தபோது, பெண் வாக்குரிமைக்காகச் சாட்சி சொல்லப் போனவர்களில் அக்னஸ் டி சில்வா அம்மையார் ஒருவர். தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்குக் கேட்கிறீர்கள் என்று ஆணைக்குழுவினர் அவரை வினவினர். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்குமே கேட்கிறோம் என்று தயங்காமல் விடை பகர்ந்தார் அவ்வம்மையார். நம்மிலே எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவர்களாக்கியது, வாக்கும் போயிற்று. எஞ்சியிருந்தோர்க்கெல்லாம் பிரசாவுரிமை என்று சட்டம் வந்தது 2003இலே.

நம்மவரிலும் இல்லாமலில்லை. கோ. நடேசய்யர் தொழிலாளரைத் திரட்டிய காலத்தில், அவருடைய மனைவி மீனாட்சியம்மையார் கூட்டங்களில் முதலிற் பாடுவார், சனம் கூடும், பிறகே ஐயர் பேசுவார். தாமே பாட்டெழுதிப் புத்தகமாக அச்சிட்டும் பரப்பினார். நடேசய்யருக்கு விழா எடுக்கும்போது அம்மையாருக்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறோம். நாமும் இப்போது அதைத்தான் செய்தோம் என்பது பேசிய பின்புதான் உறைக்கிறது.

நேரம் ஆகிவிட்டது. நமது சங்கத்தின் காரியத்தையும் பேசிவிடுவோம். சங்கம் தொடங்கிய நாள்முதல் இதில் ஒரு பெண் அங்கத்தவர் இல்லை. திருவிழாவுக்கு மாலை கட்ட, பொங்கல் வைக்க, மண்டபம் கூட்டப் பெண்கள் வருகிறார்கள். கூட்டக் குறிப்பேட்டில் அவர்கள் பெயர் வராது. காரணம் கேட்டால், இது வாலிபர் சங்கம் என்கிறார்கள். சங்க யாப்பை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை வாசித்தோம். இந்து சமயத்தைச் சேர்ந்த இளம் பிராயத்தார் என்று இருக்கிறதேயொழிய, ஆண் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆகவே யாப்பைத் திருத்தவும் தேவையில்லை. விண்ணப்பப் பத்திரத்தை நீட்டினாற் போதும். வருகிற பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொண்டுவர இருக்கிறோம். அடுத்த விழாவின் குத்துவிளக்கை நம் தோட்டத்து விதவைத் தாயார் ஒருவர் ஏற்றவேண்டும் என்பது இரண்டாவது பிரேரணை. இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். எதிர்க்கிறவர்கள் சபையிலே எழுந்து நின்று, அந்தத் தாயாரின் முகத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லட்டும். இரண்டுக்கும் ஆமோதிக்க ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயரைக் கொடுங்கள்.

பின்வரிசையில் நிற்கும் தாய்மார்கள் இரண்டு முறை வெளியே எட்டிப் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு அடுப்பு மூட்டும் நேரம். பீலியிலும் இந்நேரம் வரிசை நீண்டிருக்கும். ஆகவே உரையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.